படலையிலிருந்து ஊஞ்சல் வரை

வன்னியில் இப்போது சிறுவர் பூங்காக்கள் அரிதானவை அல்ல. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா நகரங்களிலும், ஏ9 வீதியை ஒட்டிய சிறு பட்டினங்களிலும், குடியேற்றக் கிராமங்களின் பொதுநோக்கு மண்டப வளவுகளிலும், முன்பள்ளி முற்றங்களிலும் ஊஞ்சலும் சறுக்கியும் நிற்பதைக் காணலாம். மீள்குடியேறி வந்த தொடக்க நாட்களில் தறப்பாள் கொட்டகையின் கீழ் முன்பள்ளி நடத்திய ஊர்களில், இன்று மஞ்சளும் நீலமும் பூசிய விளையாட்டு உபகரணங்கள் நிற்பது பெரிய மாற்றம்; அதைக் குறைத்துச் சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. ஆனால் அந்தப் பூங்காக்களுக்குள் போக முடியாத பிள்ளைகள் நம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த இடம் திறக்கப்பட வேண்டும் என்பதையும், அதற்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் விலையுயர்ந்த உபகரணங்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, வேலையை நிலத்திலிருந்து தொடங்கினால் போதும் என்பதையும் சொல்லவே இந்தப் பதிவு.

நான் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றின் விசேட கல்வி அலகில் கற்பிக்கிறேன். மூளை முடக்குவாதம், டவுன் சின்ட்ரோம், ஓட்டிசம், கேட்டல் குறைபாடு, பார்வைக் குறைபாடு என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தேவைகளோடு வரும் பிள்ளைகள் ஒரே வகுப்பறையில் இருக்கிறார்கள். விடுமுறையில் எங்கே போனீர்கள் என்று திங்கட்கிழமை காலையில் கேட்பது ஆரம்பப் பிரிவில் வழக்கம். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் பூங்கா, கடற்கரை, குளக்கட்டு, மாமா வீடு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். என் வகுப்பில் அடிக்கடி கேட்கும் பதில் கிளினிக் என்பதுதான். இப்பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியே வருவது பெரும்பாலும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டுமே.

இதற்குக் காரணம் பெற்றோரின் வெட்கம் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வெட்கப்படும் குடும்பங்கள் இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்தவரையில் பெரிய காரணம் பாரம். நடக்க முடியாத பிள்ளையை மூன்று, நான்கு வயது வரை தாய் இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கும் போய் வருகிறார். எட்டு, ஒன்பது வயதில் பிள்ளை வளர்ந்துவிடுகிறது. தாயின் முதுகு தாங்குவதில்லை. பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் நிறைந்த நம் ஊர்களில் தூக்கிக்கொடுக்க இன்னொருவர் வீட்டில் இருப்பதில்லை. பஸ்ஸின் படி உயரம், ஓட்டோவுக்குக் காசு வேண்டும், போய்ச் சேர்ந்த இடத்திலும் மீண்டும் தூக்கத்தான் வேண்டும் என்றால், எந்தத் தாயும் ஒரு கட்டத்தில் போவதை நிறுத்திவிடுவார். மற்றப் பிள்ளைகள் தாமாகவே ஊரைச் சுற்றத் தொடங்கும் அதே வயதில், இந்தப் பிள்ளை வீட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே நகரத்தில் ஒரே ஒரு பெரிய பூங்காவை எல்லா வசதிகளோடும் அமைப்பதைவிட, ஒவ்வொரு கிராமத்தின் முன்பள்ளி முற்றத்தையும் சிறிது சிறிதாகத் திருத்துவதே வன்னிக்குப் பொருந்தும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

விளையாட்டு இவர்களுக்கு எதற்கு, முதலில் பயிற்சியும் மருந்தும் கிடைக்கட்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இயன்மருத்துவப் பயிற்சி இன்றியமையாதது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் நாள் முழுவதும் கையை நீட்டு, காலை மடக்கு, கழுத்தை நிமிர்த்து என்ற சொற்களாலேயே நிரம்பிவிடும்போது, யாருடைய கட்டளையும் இல்லாமல் தானே விரும்பி ஒன்றைச் செய்யும் நேரம் அந்தப் பிள்ளைக்கு இல்லாமற்போகிறது. ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயம் 1989இல் உருவானது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள உரிமையை அதன் 31ஆம் உறுப்புரை கூறுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்புறுதி செய்தது. மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பங்குபெற வழிசெய்ய வேண்டும் என்பதை அதன் 30ஆம் உறுப்புரை தெளிவாகவே சொல்கிறது. உடல் தேறுவதற்கான மருந்து என்ற தகுதியில் விளையாட்டு அங்கே சேர்க்கப்படவில்லை. பிள்ளை பிள்ளையாக இருப்பதற்கு அது வேண்டும் என்பதே அந்த உறுப்புரைகளின் அடிப்படை.

எங்கள் பகுதியில் புதிதாகத் திறக்கப்பட்ட பூங்கா ஒன்றுக்கு வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். கட்டாக்காலி மாடுகள் உள்ளே புகுந்து செடிகளைத் தின்னாதிருப்பதற்காகப் பெரிய படலையைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் இரும்புக் குழாய்களை வளைத்து, ஒருவர் உடலைத் திருப்பி நுழையக்கூடிய ஒடுங்கிய வழியை அமைத்திருந்தார்கள். மாட்டைத் தடுக்கும் அந்த வளைவு சக்கர நாற்காலியையும் தடுத்தது. பெரிய படலையின் திறப்பு அலுவலகத்தில் இருந்தது. அன்று விடுமுறை நாள். பிள்ளையை ஒருவர் தூக்க, நாற்காலியை இருவர் வேலிக்கு மேலால் கடத்த, ஒருவாறு உள்ளே போனோம். வாசலில் போட்டிருந்த கல் பதித்த நடைபாதை சில அடிகளில் முடிந்து, அதற்கப்பால் ஊஞ்சல் வரைக்கும் ஆற்றுமணல் பரப்பப்பட்டிருந்தது. மணலைத் தொட்டதும் நாற்காலியின் முன்பக்கத்துச் சிறு சக்கரங்கள் இரண்டும் புதைந்து, நாற்காலி முன்னால் சரிந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்ட அந்தப் பெண்பிள்ளை, “பரவாயில்லை ரீச்சர், நான் இதிலேயே இருக்கிறன்” என்றாள். மணலில் வெறுங்காலோடு ஓடுவதற்காக மற்றப் பிள்ளைகள் செருப்புகளைக் கழற்றி அவளுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். வீடு திரும்பும்வரை அவள் நடைபாதையின் விளிம்பில் அமர்ந்து அந்தச் செருப்புகளுக்குக் காவல் இருந்தாள்.

அந்தப் பூங்காவை அமைத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு அமைக்கவில்லை. மாடு வரக் கூடாது, பிள்ளை விழுந்தால் அடிபடக் கூடாது என்ற இரண்டு நல்ல காரணங்களே அந்த வளைவையும் அந்த மணலையும் கொண்டுவந்தன. திட்டம் வரையும்போது சக்கர நாற்காலியில் வரும் ஒரு பிள்ளையை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கட்டி முடித்த பிறகு உடைத்துத் திருத்துவதற்கு ஆகும் செலவு, முதலிலேயே சரியாகக் கட்டுவதற்கு ஆகும் மேலதிகச் செலவைவிடப் பல மடங்கு பெரியது என்பதால், இந்த நினைப்பு மதிப்பீடு தயாரிக்கும் நாளிலேயே வர வேண்டும்.

படலையிலிருந்தே தொடங்கலாம். குறைந்தது மூன்று அடி அகலம் தடையின்றித் திறக்கும் ஒற்றைப் படலை, திறந்துவிட்டால் தானாகவே மூடிக்கொள்ளும்படி சற்றுச் சாய்த்துப் பொருத்திய பிணைச்சல், அமர்ந்திருக்கும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கொளுக்கி ஆகியவை இருந்தால் மாடு வெளியே நிற்கும், நாற்காலி உள்ளே போகும். நம் ஊர் இரும்பு ஒட்டுவேலைக்காரர் எவரும் இதைச் செய்து தருவார். சில இடங்களில் மாட்டைத் தடுக்க வாசலில் குழி வெட்டி அதன்மேல் இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டு அடுக்குகிறார்கள். அது சக்கரத்தையும் ஊன்றுகோலையும் பார்வையற்ற பிள்ளையின் வெள்ளைப் பிரம்பையும் விழுங்கிவிடும் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

அடுத்தது பாதை. அமெரிக்காவின் அணுகல் தரநிலைகள் விளையாட்டிடத்துக்குள் தரைமட்டப் பாதை 60 அங்குலம், அதாவது ஐந்து அடி அகலமாக இருக்க வேண்டும் என்கின்றன. சக்கர நாற்காலி ஒன்று முழுவதுமாகத் திரும்புவதற்கும் ஏறத்தாழ அதே அளவு இடம் வேண்டும். தரைமட்டத்தில் போகும் பாதையின் சரிவு 1:16ஐ விடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. மேடைக்கு ஏறும் சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 1:12. ஓர் அடி உயரம் ஏற வேண்டுமானால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்று மேசனுக்குச் சொன்னால் போதும். நம் ஊரில் கட்டப்படும் பல சாய்தளங்கள், இரண்டு படிகளை மூடி மூன்று அடி நீளத்துக்குச் சீமெந்து பூசியவையாகவே இருக்கின்றன. நாற்காலியில் இருப்பவர் அதில் தானாக ஏறவும் முடியாது, பயமில்லாமல் இறங்கவும் முடியாது. அப்படியொரு சாய்தளத்தைக் கட்டிவிட்டு வசதி செய்து கொடுத்ததாகக் கணக்குக் காட்டுவது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தருகிறது.

பாதையை எதனால் போடுவது என்பதற்கு வன்னியில் ஒரே விடை இல்லை. முல்லைத்தீவுக் கரையோரத்தில் மணல், வயலை அண்டிய ஊர்களில் மாரியில் ஒட்டிப்பிடித்துக் கோடையில் வெடிக்கும் களி, வேறு இடங்களில் செம்மண் என்று நிலம் மாறுகிறது. நன்றாக நனைத்து உருளையால் இறுக்கிய கிறவல், விளிம்புகள் கரையாதபடி கட்டுக்கல் வைக்கப்பட்டால், கோடையில் நல்ல பாதையாக இருக்கும். மாரி மழை அதை அரித்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் திருத்த வேண்டும். விளக்குமாற்றால் கோடிழுத்துச் சொரசொரப்பாக்கிய கொங்கிறீட் பாதை கூடிய காலம் தாங்கும். பூட்டுக்கல் பதிப்பதானால் கீழே உள்ள மண்ணை இறுக்காமல் பதிக்கக் கூடாது. ஒரு மாரிக்குப் பிறகு கற்கள் ஏறி இறங்கி, சக்கரம் தடுக்கி நிற்கும். எதைப் போட்டாலும் பாதை சுற்றியுள்ள நிலத்தைவிடச் சில அங்குலம் உயர்ந்தும், நீர் வழிந்தோட ஓரமாகச் சிறிது சாய்ந்தும் இருக்க வேண்டும். ஐப்பசியிலிருந்து தை வரை தண்ணீர் தேங்கும் பூங்கா, நடக்கக்கூடிய பிள்ளைகளுக்கே பயன்படாது.

ஊஞ்சலின் கீழ் மணல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆழமாகப் போட்ட தளர்ந்த மணல், விழும் பிள்ளையின் தலையையும் கையையும் காப்பாற்றும். கொங்கிறீட்டின் மேல் ஊஞ்சல் கட்டுவது குற்றம். விழுவதற்கு மெதுவான நிலம், உருள்வதற்கு இறுகிய நிலம் என்ற இந்த இரண்டு தேவைகளும் ஒன்றோடொன்று மோதுவதுதான் இத்துறையின் கடினமான பகுதி. உயரமான உபகரணங்களின் கீழே மட்டும் மணலை ஒரு கட்டுக்குள் அடக்கி, அந்தக் கட்டின் ஒரு பக்கத்தில் பாதையையும், பாதை முடியும் இடத்திலிருந்து இருக்கை வரை கெட்டியான இறப்பர் விரிப்பையும் கொண்டுவருவது ஒரு வழி. இறப்பர் விளையும் நாடு நம்முடையது. இறப்பர்ப் பொருள்கள் இங்கேயே உற்பத்தியாகின்றன. ஆயினும் கறுப்பு இறப்பர் வன்னி வெயிலில் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும் என்பதால் மர நிழல் இல்லாத இடத்தில் அதை விரிக்கக் கூடாது. தகரச் சறுக்கியும் அப்படித்தான். முள்ளந்தண்டுக் குறைபாட்டோடு பிறந்த சில பிள்ளைகளுக்குக் கால்களில் உணர்ச்சி இருக்காது. சூடான தகட்டில் தோல் வெந்தாலும் அவர்கள் அழ மாட்டார்கள், ஏனெனில் அவர்களுக்கு அது தெரியாது. நிலம் துப்புரவாக்கப் பெக்கோ இயந்திரம் வரும் அன்றே ஊரவர்கள் போய் நின்று வேம்பையும் வாகையையும் மருதையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

உபகரணங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் நிலம் சரியாக இருந்தால் உபகரணத்தில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றி ஆட்டும் மேடை ஊஞ்சல் படங்களில் அழகாகத் தெரியும். ஆனால் பாரமான அந்த மேடை பின்னால் ஓடிவரும் பிள்ளையில் மோதினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அதைச் சுற்றி வேலி போட்டுப் பூட்ட வேண்டியிருக்கும். பூட்டியது பூட்டியபடியே கிடக்கும். அதைவிட, வட்டமான இரும்பு வளையத்தில் கயிறு பின்னிய அகலமான கூடை ஊஞ்சல் சிறந்தது. இருக்க முடியாத பிள்ளை அதில் படுத்துக்கொண்டு ஆடலாம், அண்ணனோ தோழியோ கூடவே ஏறிக்கொள்ளலாம். முல்லைத்தீவுக் கரையில் வலை பின்னத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை; தாங்கும் கொளுக்கிகளையும் சங்கிலியையும் மட்டும் உரிய பாரத்துக்குச் சோதித்து வாங்க வேண்டும். நாற்காலியில் இருந்தபடியே முழங்கால் உள்ளே போகும் வகையில் 24 அங்குல இடைவெளி விட்டு, மேல்விளிம்பு 31 அங்குலத்துக்கு மேற்படாமல் கட்டிய ஒரு மணற்தொட்டி, இரண்டு நாள் மேசன் வேலை. வெவ்வேறு நீளத்தில் தொங்கவிட்ட இரும்புக் குழாய்கள் பார்வையற்ற பிள்ளைக்கு இசையாகும். கவிழ்த்து வைத்த பிளாஸ்ரிக் பீப்பாயின் அதிர்வைக் காது கேளாத பிள்ளை உள்ளங்கையால் உணரும்.

சாய்தளம் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவதும் கூடாது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் படிக்கட்டு ஒரு தடையே அல்ல. ஒரே நேரத்தில் பலர் கத்துவதும், சங்கிலிகள் கிறீச்சிடுவதும், திடீரென்று எவரோ தொடுவதும்தான் தடை. கூட்டத்திலிருந்து விலகி, ஆனால் அம்மாவின் கண்ணுக்குத் தெரியும்படி ஒதுங்கியிருக்க மரத்தடியில் ஒரு மூலை அவர்களுக்கு வேண்டும். மதகுக்குப் போடும் பெரிய கொங்கிறீட் குழாய் ஒன்றை இரு பக்கமும் திறந்தபடி மண்ணில் பாதி புதைத்துவிட்டால், அதற்குள் போய் அமைதியாக இருந்துவிட்டுத் தானாகவே வெளியே வரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இவர்களுக்கு வேலி மிக முக்கியம். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் சொல்லாமல் ஓடிப்போகும் இயல்புடையவர்கள். அவர்களில் பலருக்குத் தண்ணீர் மீது தனி ஈர்ப்பு உண்டு. குளமும் வாய்க்காலும் கிணறும் எங்கு பார்த்தாலும் உள்ள வன்னியில், வாய்க்கால் கரையில் வேலியில்லாத பூங்காவை அமைத்துவிட்டுப் பெற்றோரைக் கவனமாக இருங்கள் என்று சொல்வது போதாது.

போரும் சிறுவர் பூங்காவும் சந்தித்த இடம் ஒன்று உலக வரலாற்றில் உண்டு. ஜேர்மனியரின் ஆக்கிரமிப்பில் இருந்த டென்மார்க்கின் தலைநகர் கொப்பன்ஹேகனில், எம்ட்ரூப் என்ற இடத்தில், நிலத்தோற்றக் கலைஞர் சோரன்சன் 1943இல் பழைய பலகைகளையும் கழிவுப் பொருள்களையும் கொண்டு பிள்ளைகள் தாமே கட்டி விளையாடும் ஒரு திடலைத் திறந்தார். போர் முடிந்த பின் 1946இல் அதைப் பார்த்த ஆங்கிலேயப் பெண்மணி அலன் சீமாட்டி, குண்டு விழுந்து வெறும் நிலமாகிக் கிடந்த இலண்டனின் காணிகளில் அத்தகைய விளையாட்டிடங்கள் வர வேண்டுமென்று இயக்கம் நடத்தினார். 1970இல் இலண்டனின் செல்சியில் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான விளையாட்டுத் திடல் ஒன்று திறக்கப்பட்டதற்கும் அவரே காரணம். இடிந்த இடத்தில் பிள்ளைகளுக்கு முதலில் என்ன வேண்டும் என்று அவர் கேட்ட கேள்வி, 2009க்குப் பின் வீதி, மின்சாரம், கட்டடம் என்ற வரிசையிலேயே மீள்கட்டுமானத்தைக் கண்ட நமக்கு இன்னும் பொருந்துகிறது.

ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கென்று தனியாகப் பூங்கா அமைப்பதை நான் விரும்பவில்லை. மதில் கட்டிய வளவுக்குள் தனிப் பூங்கா என்றால் அங்கே போவதும் இன்னொரு கிளினிக்குக்குப் போவதாகவே ஆகிவிடும். பெங்களூரில் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளின் பெற்றோர் முன்னின்று தொடங்கிய கிலிகிலி என்ற அமைப்பு, மாநகராட்சியோடு சேர்ந்து, ஏற்கெனவே எல்லோரும் போய்வரும் பொதுப் பூங்காக்களையே இப்பிள்ளைகளுக்கும் ஏற்றதாக மாற்றும் வழியைத் தேர்ந்தெடுத்தது. அதுவே சரியான வழி. கிளித்தட்டு மறிக்கும் பிள்ளைகள் நாற்காலியில் இருப்பவரைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்ள என்ன விதியை மாற்றலாம் என்று தாங்களே பேசி முடிவுசெய்வதை எங்கள் பாடசாலை முற்றத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். பெரியவர்கள் எவரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. இரைச்சல் தாங்காத பிள்ளைகளுக்காக வாரத்தில் ஒரு காலைப்பொழுதை அமைதி நேரமாக ஒதுக்குவது நல்லது. அது நேரத்தால் வரும் ஒதுக்கீடு. சுவரால் வரும் பிரிவு அல்ல.

வன்னியில் இது பிள்ளைகளை மட்டும் பற்றிய பேச்சாகவும் முடியாது. 2009இல் பத்து வயதில் எறிகணையிலோ மிதிவெடியிலோ காலை இழந்த பிள்ளை இன்று இருபத்தைந்து வயதைக் கடந்துவிட்டார். அவர்களில் பலர் இன்று தாய்மார், தந்தையர். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்வோர் மாங்குளத்தில் உயிரிழை என்ற அமைப்பாகச் சேர்ந்து இயங்குகிறார்கள். ஓடியாடும் தன் மகனை ஊஞ்சலில் இருத்தித் தள்ளிவிட ஆசைப்படும் தந்தை ஒருவர், மணலின் ஓரத்தில் நாற்காலியை நிறுத்திவிட்டு வேறு யாரையாவது தள்ளிவிடச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. பாதை ஊஞ்சல் வரை போனால் அந்தத் தந்தையும் போவார், செயற்கைக் காலோடு வரும் தாயும் போவார், முழங்கால் வலியோடு பேரப்பிள்ளையைக் கூட்டிவரும் அப்பம்மாவும் போவார். 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதோ ஒரு வகை இயலாமையோடு வாழ்ந்தார்கள். முன்பள்ளிக்கு வரும் வயதுப் பிள்ளைகள், அதாவது பூங்காவை மிகவும் விரும்பும் பிள்ளைகள், அந்தக் கணக்கிலேயே சேர்க்கப்படவில்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளிவந்தன. பொதுக் கட்டடங்கள் மட்டுமன்றிப் பொது இடங்களும் அவற்றுள் அடங்கும். 1992இல் காரின்மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலியோடு வாழ நேர்ந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் இந்த ஒழுங்குவிதிகளுக்கு அமையவே கட்டப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரல் 27ஆம் திகதி கட்டளையிட்டது. தனி மனிதர் ஒருவரின் விடாமுயற்சியால் கிடைத்த அந்தக் கட்டளை நம் ஊர் அலுவலகங்களின் கோப்புகளில் உறங்கக் கூடாது. ஒப்பந்தகாரருக்கு இறுதிக் கொடுப்பனவு வழங்குமுன், தொழில்நுட்ப உத்தியோகத்தரோடு சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஒருவரும் படலையிலிருந்து ஊஞ்சல் வரை போய்ப் பார்த்து ஒப்பமிட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை மட்டும் பிரதேச சபைகள் விதித்தாலே நான் மேலே எழுதியவற்றில் பெரும்பகுதி தானாக நடந்துவிடும்.

கட்டிய பிறகு பேணுவதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். சென்னை மெரினாக் கடற்கரையில் மாற்றுத்திறனாளிகள் அலையருகே போவதற்கென மரப்பலகையால் அமைத்த நிரந்தரப் பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்தது. திருத்த ஆட்களும் நிதியும் இருந்ததால் அது மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. நம் பூங்காக்களில் அறுந்த சங்கிலி அறுந்தபடியே கிடக்கிறது. ஊஞ்சல் அறுந்தால் மற்றப் பிள்ளைகள் சறுக்கிக்குப் போவார்கள். தன்னால் ஏறக்கூடியது அந்த ஒரு கூடை ஊஞ்சல் மட்டுமே என்றிருக்கும் பிள்ளைக்குப் பூங்காவே மூடப்பட்டதாகிவிடும். மாதத்துக்கு ஒருமுறை கொளுக்கி, சங்கிலி, மரையாணிகளைப் பார்த்து எண்ணெய் போட்டு, பாதையில் விழுந்த மணலைக் கூட்டிவிடும் பொறுப்பை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ முன்பள்ளிப் பெற்றோர் குழுவோ ஒரு சிறு கொடுப்பனவோடு ஏற்கலாம்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்து, நம் பிரதேச சபைகளில் மீண்டும் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆண்டு முடிவதற்குள் அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தைச் சபைகள் நிறைவேற்றும். அதற்கு முன் எங்கள் பகுதிப் பெற்றோர் ஒரு மனுவைத் தயாரித்து வருகிறார்கள். புதிய பூங்கா எதையும் அதில் நாங்கள் கேட்கவில்லை. இருக்கும் பூங்காவின் படலையை மாற்றுதல், அங்கிருந்து ஊஞ்சல் வரை ஐந்து அடி அகலப் பாதை, ஒரு கூடை ஊஞ்சல், ஒரு மணற்தொட்டி, சக்கர நாற்காலி உள்ளே போகும் கதவுள்ள ஒரு மலசலகூடம், ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரு தொகை ஆகியவையே அதில் உள்ளன. உங்கள் ஊரிலும் இப்படியொரு மனு போக வேண்டுமென்று நினைப்பவர்கள், முதலில் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு, சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ வரும் ஒரு பிள்ளையையும் அதன் தாயையும் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போங்கள். படலையின் அகலம், படியின் உயரம், பாதை முடியும் இடம், அங்கிருந்து ஊஞ்சலுக்கு உள்ள தூரம் ஆகிய நான்கையும் எழுதி, மனுவோடு இணைத்து, தவிசாளரிடமும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் ஒவ்வொரு பிரதியைக் கையளித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.